யார் உள்ளூர்க்காரர்?

தனியார் நிறுவனங்களின் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் ஏனைய பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூர்க்காரருக்கே என்னும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. தொழில்துறை எதிர்த்ததும் இரண்டே நாளில் நிறுத்திவைத்தது. மாநில எல்லையில் வாழும் அத்திபெலேக்காரர்கள் அதை மறந்துவிடலாகாது.

உள்ளூர்க்காரர் யார்? கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவராம். கன்னடம் பயின்ற பள்ளிச் சான்றிதழ் வேண்டும். இல்லையேல் தேர்வு எழுத வேண்டும்.

பேச்சே மொழி, எழுத்து அதன் பதிவு என்பது மொழியியலின் பாலபாடம். பள்ளி வாசலை மிதிக்க வாய்க்காத கன்னடக் கூலித் தொழிலாளி, இவ்வரையறையின்படி தன் மண்ணிலேயே அயலார். இதுவா மொழிக் காப்பு?

2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலே பட்டாசுக் கடைத் தீயில் மாண்டோரில் பெரும்பாலோர் தீபாவளிக்கால வேலைக்கு வந்த தமிழக இளைஞர்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு மட்டும் எந்த மொழிச் சான்றிதழும் வேண்டியதில்லை.

2025 பிப்ரவரி முதலீட்டாளர் மாநாட்டில் 10.27 லட்சம் கோடி ரூபாய்க்கு உறுதி கிடைத்ததாக அரசு மார்தட்டியது. அந்த மூலதனத்திடம் பிறப்பிடம் கேட்டார்களா?

தமிழகத்தார் நகைக்க வேண்டாம். 75 விழுக்காடு என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வும் வாக்களித்தது. அரியானாவின் அத்தகைய சட்டத்தை 2023இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது.

கன்னடம் தழைக்கட்டும். அதற்கு ஆலைதோறும் ஊதியத்துடன் கூடிய கன்னட வகுப்பு நடத்துங்கள். மொழியைக் கற்பியுங்கள், அதைக் காட்டிக் கதவை அடைக்காதீர்கள்.