பாட்டனார் ஊரும் பழைய வரைபடமும்

நம் இல்லங்களில் குடும்ப வரலாறு பேசப்படும் நேரம் பெரும்பாலும் ஒன்றுதான். நிக்காஹ் பேச்சு எழும்போது, "எந்த ஊர்? யார் வகையறா?" என்று கேள்வி பிறக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் விரல்விட்டு மூன்று நான்கு தலைமுறைகளைச் சொல்லுவார். கேட்போர் தலையசைப்பர். நிக்காஹ் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். அப்பெரியவர் மௌத்தானதும், அவர் நெஞ்சிலிருந்த ஏடும் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

உறவு பேணுவதற்கு வேண்டிய அளவேனும் தம் வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். குலப்பெருமை பேசுவதற்காக அன்று. உறவினர் இன்னார் என்று தெரிந்தால்தானே அவர்களுக்குரிய ஹக்கைக் கொடுக்க முடியும்? பெரியவர்களின் நினைவை மண்ணோடு பொருத்திப் பார்த்து, எழுத்தில் நிலைநிறுத்த ஓர் எளிய கருவி உண்டு. அதுவே அரசின் நில அளவைத் துறை வெளியிட்ட பழைய இடவிளக்க வரைபடம். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தோடு நாம் மறந்துவிட்ட அந்தத் தாள், குடும்பத்தின் ஏட்டைத் திறக்கும் சாவியாகக்கூடும்.

அளந்தவர்கள்

1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். குன்றில்லாச் சமவெளிகளில் கோயில் விமானங்களின் மீதும் கருவியை ஏற்றி அளந்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவ்வாறு தூக்கும்போது அரை டன் எடையுள்ள பெருங்கருவி சேதமுற்றதும் உண்டு.

இம்மாபெரும் பணியில் நம்மவர் ஒருவரின் கைவண்ணமும் கலந்திருந்தது. ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொஹ்சின் ஹுசைன், சென்னையில் நகை வணிகர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். அவர் அளவைத் துறையில் சேர்ந்து, நுண்கருவிகளைப் பழுது பார்ப்பதில் பெயர் பெற்றார். அன்றைய தலைமை அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட், இங்கிலாந்திலிருந்து வந்த நிபுணர் விலகிய பின் அந்தப் பொறுப்புக்கு இவரையே பரிந்துரைத்தார். கடலுக்கப்பால் இருந்து வந்த கருவியை ஆற்காட்டுக்காரர் ஒருவர் செம்மை செய்து கொடுத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

முக்கோண அளவை எலும்புக்கூடு என்றால், அதன்மேல் போர்த்திய தசையே இடவிளக்க வரைபடம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் ஆறு, கண்மாய், பாதை, ஊர் அனைத்தும் அதில் எழுதப்பட்டன. மெட்ரிக் முறை வந்தபின் கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவு நிலைபெற்றது.

ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் உண்டு. தென் தமிழகத்தின் பெரும்பகுதி 58 என்ற எண்ணுக்குள் அடங்கும். அதை 16 எழுத்துகளாகவும், ஒவ்வோர் எழுத்தையும் 16 தாள்களாகவும் பிரித்திருக்கிறார்கள். விருதுநகர் 58 ஜி/14. சாத்தூர் 58 ஜி/15. சாத்தூருக்குக் கிழக்கே போனால் சற்றுத் தொலைவில் 58 கே/3 தொடங்கிவிடும். ஒரு தாள் ஏறத்தாழ 17 மைல் நீளமும் 17 மைல் அகலமும் உள்ள நாட்டைக் காட்டும். பேருந்து இல்லாத காலத்தில் மாட்டுவண்டியில் ஒரு பகலில் போகக்கூடிய தூரம் ஏறத்தாழ அதுவே. நம் பாட்டனார் காலத்துச் சம்பந்த ஊர்கள் ஒன்றிரண்டு தாள்களுக்குள்ளேயே அடங்கிவிடுவதன் காரணமும் அதுதான்.

எடுத்துக்காட்டாக இருக்கன்குடியைக் கொள்வோம். சாத்தூருக்குக் கிழக்கே உள்ள இவ்வூரருகே வைப்பாறும் அர்ஜுனா நதியும் கூடுகின்றன. இரு கங்கை கூடும் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பது ஊர் வழக்கு. தென் மாவட்டங்கள் எங்கும் அறியப்பட்ட மாரியம்மன் கோயில் அங்கே இருப்பதால், சுற்று வட்டாரத்தில் எவரைக் கேட்டாலும் இந்த ஊருக்கு வழி சொல்லுவர். வரைபடத்திலும் அவ்வாறே, இரண்டு ஆறுகள் சேரும் இடம் கண்ணில் உடனே படும். எனவே தேடலைத் தொடங்க இது நல்ல ஊன்றுகோல்.

பாட்டியார் ஒருவர் சொன்னது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: "இருக்கன்குடி ஆற்றைத் தாண்டி ஒரு நாழிகை வழி நடந்தால் கண்மாய். கரையோரம் வண்டிப்பாதை இரண்டாகப் பிரியும். அங்கேதான் நம் கிணறு." கேட்பவருக்கு இது கதைபோல் தோன்றும். ஆனால், ஒரு நாழிகை என்பது 24 நிமிட நடை; ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே பழைய தாளில் ஆற்றிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று அப்பால் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்மாயின் கரை வளைகோடாகத் தெரியும். வண்டிப்பாதைக்கும் ஒற்றையடிப்பாதைக்கும் வெவ்வேறு கோடுகள் உண்டு. கிணற்றுக்கும் தனிக் குறி உண்டு. கல் கட்டிய கிணறு வேறு, கட்டாத கிணறு வேறு என்றுகூட எழுதியிருப்பார்கள். பாட்டியாரின் சொல்லும் தாளின் கோடும் ஓரிடத்தில் சந்திக்குமானால், அந்த ஒரு புள்ளியிலிருந்து குடும்பத்தின் வரலாறு விரியத் தொடங்கும்.

தாளின் ஓரத்தைப் படிக்காமல் விடலாகாது. அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. கணக்கில் கொள்ள வேண்டியது அளந்த ஆண்டையே. பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே விரித்தால் மாற்றம் விளங்கும். இன்று இருக்கன்குடியருகே காணும் நீர்த்தேக்கம் பழைய ஓர் அங்குலத் தாளில் இராது. ஆறு மணற்பரப்பாகவே தெரியும். சிவகாசியைச் சூழ்ந்த தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்கூடங்களும் 1923இல் அத்தொழில் அங்கு வேரூன்றிய பின்னர்ப் பெருகியவையே. 1876இல் மதுரை, தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் விருதுபட்டியும் சாத்தூரும் வளர்ந்தன. பழைய வண்டிப்பாதைகளில் இருந்த ஊர்கள் சில ஒதுங்கின. ஒரு குடும்பம் ஏன் ஊர் மாறியது என்ற கேள்விக்குச் சில வேளைகளில் விடை இந்த மாற்றத்தில்தான் இருக்கும்.

பெயர் மாறிய மாவட்டங்கள்

பழைய பத்திரத்தில் "திருநெல்வேலி ஜில்லா, சாத்தூர் தாலுகா" என்று கண்டால் திகைக்க வேண்டாம். 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்படும்வரை சாத்தூர் திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தது. 1985இல் காமராசர் மாவட்டம் பிறந்தது. 1997இல் அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. விருதுநகரே 1923க்கு முன் விருதுபட்டிதான். எந்தக் காலத்து ஆவணத்தை எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில் தேடுவது என்பதற்கு இந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

மஸ்ஜிதும் மையவாடியும்

நம் சமுதாயத்தினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வரைபடங்களின் குறி விளக்கப் பட்டியலில் கோயில், தேவாலயம் ஆகியவற்றோடு மஸ்ஜித், ஈத்கா, கல்லறைக் கட்டடம், கபுருகள் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. மக்கள் குடிபெயர்ந்து போய், பராமரிப்பின்றிக் கருவேலம் மூடிக் கிடக்கும் மையவாடி பழைய தாளில் குறிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் சிற்றூர்த் தொழுகைக்கூடம் எல்லாவற்றையும் அந்த அளவில் காட்ட இயலாது. தாளில் இல்லை என்பதனாலேயே மண்ணில் இருந்ததில்லை என்று முடிவு கட்டலாகாது.

இதன் அருமை இன்று மேலும் கூடியிருக்கிறது. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தை ஒட்டி, அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் "உமீத்" இணையவாசல் தொடங்கப்பட்டது. வக்ஃபு சொத்துகளின் விவரங்களை அதில் ஏற்ற வேண்டும் என்றாகியிருக்கிறது. "பாட்டன் காலத்திலிருந்தே நம் மையவாடி" என்னும் வாய்ச்சொல் மட்டும் இனிப் போதாது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: இடவிளக்க வரைபடம் நிலம் யாருடையது என்று சொல்லாது, இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று மட்டுமே சொல்லும். உரிமைக்கு உரிய சான்றுகள் பத்திரம், கிராம 'அ' பதிவேடு, நிலவரித்திட்டப் பதிவேடு, புல வரைபடம் ஆகியவையே. வரைபடம் அவற்றுக்குத் துணை நிற்கும் சாட்சி. வழக்கு நோக்கமின்றி அரசே வரைந்தது என்பதால் அச்சாட்சிக்கு மதிப்பும் உண்டு. ஜமாஅத் நிர்வாகிகள் தக்க வழக்கறிஞரைக் கலந்து இவற்றை ஒன்றுசேர்த்து வைப்பது கடமையாகும்.

என்ன செய்யலாம்?

முதலில், வீட்டின் மூத்தவரிடம் அமருங்கள். ஊரின் பெயரோடு நிறுத்தாமல் கண்மாய், ஊருணி, கிணறு, பாதை, ஆறு, திசை, நடை நேரம் ஆகியவற்றைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லாகவே எழுதுங்கள். நம் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்க மறவாதீர்கள். தண்ணீர் சுமந்த பாதையும், தாய்வீட்டுக்கு வண்டி போன வழியும் அவர்களுக்கே நன்கு தெரியும்.

இரண்டாவது, தாளைத் தேடுங்கள். இந்திய நில அளவைத் துறை தன் இன்றைய வரைபடங்களை 2017 முதல் இணையத்தில் வழங்குகிறது. பழையவற்றுக்கும் ஆவணங்களுக்கும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம். கிராம வரைபடங்களுக்குச் சேப்பாக்கத்திலுள்ள நில அளவை இயக்குநரகம் உண்டு. பட்டா, புல வரைபடம் ஆகியவற்றைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே காணலாம்.

மூன்றாவது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு ஒருமுறை சென்று வாருங்கள். பாட்டனாரின் கபுரடியில் ஸலாம் சொல்லி துஆச் செய்யுங்கள். அங்கு எஞ்சியிருக்கும் உறவினரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முறிந்துபோன உறவு ஒன்று இந்தத் தேடலால் மீண்டும் தழைக்குமானால், செலவிட்ட நேரத்துக்கு அதைவிட வேறு கூலி வேண்டுமா?

வரைபடம் காப்பகத்தில் காத்திருக்கும். பாதையைக் காட்டவேண்டிய முதியவர் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே தாளைத் தேடுமுன் அவரிடம் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் உறவு பேணும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.