வயலில் நின்றவர்கள் சொன்ன சாட்சி

“வானத்திலிருந்து கல் விழுந்தது” என்று ஒரு குடியானவர் சொன்னால் நம்புவோமா? பிரான்சு நாட்டுப் பேரறிஞர்கள் நம்பவில்லை.

1768 செப்டம்பரில் லூசே என்னும் ஊரில், இடி போன்ற ஓசையுடன் ஒரு கல் விழுந்ததை வயலில் வேலை செய்தோர் கண்டனர். ஓடிச் சென்று பார்த்தபோது, அது தொட முடியாத சூட்டுடன் மண்ணில் பாதி புதைந்திருந்ததாம். நாம் வேதியியலில் படிக்கும் லவாய்சியரும் வேறு இரு அறிஞர்களும் அதை ஆராய்ந்தார்கள். கரிய மேல்தோல் உருகியிருந்ததைக் கண்டும், “இது பூமியின் கல்லே, மின்னல் தாக்கியிருக்கலாம்” என்று முடிவு கட்டினார்கள்.

லவாய்சியரைக் குறை கூறுகிறேனே என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை கோபிக்கக் கூடாது! அவருடைய சோதனையை நான் குறை சொல்லவில்லை. கண்டவர்களின் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதே தவறு என்பேன்.

1803 ஏப்ரல் 26 அன்று லேகிள் ஊரைச் சுற்றிலும் ஏறத்தாழ 3000 கற்கள் பொழிந்தன. அரசு அனுப்பிய பியோ என்ற 29 வயது விஞ்ஞானி ஊர் ஊராக நடந்தார். பல தொழில் செய்வோரையும் விசாரித்து, அவர்கள் சொன்னவை பொருந்துகின்றனவா என்று பார்த்தார். கற்கள் கிடந்த நிலம் நீள்வட்டமாக இருப்பதையும் படம் வரைந்து காட்டினார். அதன்பின் அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டது. பாவம், லவாய்சியர் 1794இலேயே கொல்லப்பட்டுவிட்டார்.

1815 அக்டோபர் 3 அன்று ஷசீன்யி கிராமத்தில் மற்றொரு கல் விழுந்தது. இம்முறை எவரும் சிரிக்கவில்லை, பத்திரப்படுத்தினார்கள். அது செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த கல் என்பதை இன்று அறிவோம்.