காதால் படியுங்கள்!

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவரிடம், "சானெட் என்றால் என்ன?" என்று கேளுங்கள். "14 அடி, அடிக்கு 5 சீர், சீருக்கு 2 அசை" என்று பதில் வரும். பரீட்சைக்கு இது போதும். அதே பாட்டை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால்தான் தொல்லை! எல்லா அசையும் ஒரே கனத்தில் விழும். கணக்குச் சரி, பாட்டு எங்கே?

குற்றம் மாணவருடையது அல்ல. நம் யாப்பு குறில் நெடில் பார்த்து அசை பிரிப்பது. ஆங்கில யாப்பு அழுத்தம் பார்ப்பது. 'ரிட்டர்ன்' என்ற சொல்லில் அழுத்தம் பின்னால் விழுகிறது. 'டேபிள்' என்பதில் முன்னால் விழுகிறது. 'ரிட்டர்ன்' போல மெலிந்து தொடங்கி அழுந்தி முடிவதே ஆங்கில சானெட்டின் அடிப்படைச் சீர். நேர், நிரை என்று தேடினால் அது அகப்படாது.

சீர் அகப்பட்டால் போதுமா? போதாது. ஐந்து சீரும் கடிகாரம் போல் அடித்துக்கொண்டிருந்தால் தூக்கம்தான் வரும்! கச்சேரியைக் கவனியுங்கள். தொடையில் தட்டும் கை தாளம் தவறுவதில்லை. குரலோ முந்துகிறது, பிந்துகிறது, நிற்கிறது. தாளம் நிலையாக இருப்பதால்தான் குரலின் விளையாட்டு சுவைக்கிறது. யாப்பு அந்தக் கை. பேச்சின் ஓசை அந்தக் குரல்.

1609-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் இந்த விளையாட்டு நிறைய உண்டு. சில அடிகளை அழுத்தமான அசையிலேயே தொடங்கி நம்மை நிமிர வைக்கிறார். 20-ம் பாட்டில் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் மெலிந்த அசை ஒன்று கூடுதல். 145-ம் பாட்டில் அடிக்கு 4 சீர்தான். விதி தெரியாதவர் வேலையா இது?

பரிதிமாற் கலைஞர் 'தனிப்பாசுரத் தொகை'யில் சானெட் போன்ற 14 அடிப் பாடல்களைத் தமிழுக்குத் தந்தார். வடிவத்தைத்தான் வாங்கினார், ஓசையைத் தமிழ் யாப்பிலேயே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மொழிக்கும் தனி நாடித் துடிப்பு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் சீர் பிரிக்குமுன் பாட்டை இருமுறை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். முதல் முறை, மேஜையில் தட்டித் தாளத்தோடு. மறுமுறை, பொருளுக்கு ஏற்ற பேச்சுக் குரலில். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று கேளுங்கள். கவிஞர் நம்மைத் தொட்டு நிறுத்தும் இடம் பெரும்பாலும் அதுவே. அதைக் கேட்ட மாணவர், பரீட்சை முடிந்த பிறகும் அந்தப் பாட்டை மறக்க மாட்டார்.