பச்சைச் சாயத்துக்குள் ஒரு மனிதர் இருந்தார்

காமிக்ஸ் நாயகர்களைத் தொலைக்காட்சி அரை நூற்றாண்டாகக் கேவலப்படுத்தியது என்றும், கையில் பணமும் கணினி வரைகலையும் வந்த பிறகே அவர்களுக்கு மானம் மீண்டது என்றும் ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் ரீவ்ஸின் சூப்பர்மேன் கேலிக்கூத்து, ஆடம் வெஸ்டின் பேட்மேன் ஒரு குற்றம், லூ ஃபெரிக்னோவின் ஹல்க் பச்சைச் சாயம் பூசிய பயில்வான். இப்படி ஒவ்வொருவரையும் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறார். கடைசியில் ஒரு தீர்ப்பு: தொலைக்காட்சி காமிக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டதே தவிர, திருப்பிக் கொடுத்தது எதுவுமில்லை.

ஒருவருக்கு ஒரு தொடர் பிடிக்காமல் போகலாம். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் வரலாறு என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறவர் ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்த்திருக்க வேண்டும். இவர் பார்க்கவில்லை. கையில் எடுத்த அளவுகோலும் தவறு. ஒரு காட்சிக்கு எத்தனை டாலர் செலவானது என்பதை வைத்தே கதையை எடைபோடுகிறார்.

பேட்மேனிலிருந்து தொடங்குகிறேன். அவர் அதிகம் வெறுப்பது அதைத்தான். இரவில் உலவும் இருண்ட நாயகனை 1966ஆம் ஆண்டுத் தொடர் கோமாளியாக்கிவிட்டது, அந்தக் கறையைக் கழுவ இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1989இல் டிம் பர்ட்டன் வரவேண்டியிருந்தது என்கிறார். எந்த இருண்ட நாயகன்? 1954இல் அமெரிக்க செனட் குழு காமிக்ஸை விசாரணைக் கூண்டில் ஏற்றியது. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவரின் நூல் பெற்றோரைப் பயமுறுத்தியது. மிரண்டுபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதியை வகுத்துத் தங்கள் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பின் காமிக்ஸில் வந்த பேட்மேனைப் பாருங்கள். 1955இல் அவருக்குத் துணையாக முகமூடி போட்ட நாய் ஒன்று வந்தது. 1957இல் விதவிதமான வானவில் நிறங்களில் உடை மாற்றித் திரிந்தார். 1959இல் வேறு பரிமாணத்திலிருந்து பேட்மைட் என்ற குட்டிச்சாத்தான் வந்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. விற்பனை சரிந்து, 1964இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸைத் தொகுப்பாசிரியராகக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

தயாரிப்பாளர் வில்லியம் டோசியரும் எழுத்தாளர் லொரென்சோ செம்பிளும் அன்றைக்குக் கடையில் கிடைத்த காமிக்ஸைத்தான் படமாக்கினார்கள். தொடரின் முதல் கதையே 1965இல் ரிட்லர் என்ற வில்லன் வந்த ஓர் இதழிலிருந்து எடுத்தது. வண்ணமும் விளையாட்டும் காமிக்ஸில் ஏற்கெனவே இருந்தன. தொலைக்காட்சி சேர்த்தது ஆடம் வெஸ்டின் முகத்தை. ஒரு வசனத்தையும் அவர் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடித்துச் சொல்லவில்லை. ராபினுக்கு ஒழுக்கம் சொல்லும்போதும் மரணப் பொறியில் தொங்கும்போதும் அதே நிதானம், அதே அக்கறை. குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அதே அறையில் பெரியவர்கள் சிரித்தார்கள். இரு சாராரையும் ஒரே முகத்தால் 120 அத்தியாயங்கள் உட்கார வைத்தார் அந்த மனிதர். நடிப்பு தெரிந்த யாரும் இதைக் குற்றம் என்று எழுத மாட்டார்கள்.

இருபது ஆண்டுக் கறை என்பதும் பொய். தொடர் 1968 மார்ச்சில் முடிந்தது. டென்னிஸ் ஓநீலும் நீல் ஆடம்ஸும் கல்லறைகளும் நிழல்களும் நிறைந்த பேட்மேனைக் காமிக்ஸின் 1970 ஜனவரி இதழிலேயே தொடங்கிவிட்டார்கள். நடுவில் முழுசாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அந்த இதழ்களை அறியாதவர் பேட்மேனின் வரலாற்றை எழுத உட்காரக் கூடாது.

அடுத்தது, திருப்பிக் கொடுக்கவில்லை என்ற தீர்ப்பு. ரிட்லர் 1948இல் இரண்டு முறை தலைகாட்டிவிட்டு 17 ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த வில்லன். தொடரில் பச்சை உடையில் ஃபிராங்க் கோர்ஷின் சிரித்த சிரிப்புதான் அவனைப் பேட்மேனின் முதல் வரிசை எதிரிகளில் ஒருவனாக்கியது. மூன்றாம் பருவத்துக்கு ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்று டோசியர் கேட்க, ஷ்வார்ட்ஸும் ஓவியர் கார்மைன் இன்ஃபன்டினோவும் உருவாக்கியவள் பார்பரா கார்டன். காவல் ஆணையரின் மகள், நூலகர், பேட்கேர்ள். 1967 ஜனவரி இதழில் காமிக்ஸிலும், அதே ஆண்டு செப்டம்பரில் இவான் கிரெய்க்கின் உருவில் திரையிலும் வந்தாள். இன்றுவரை காமிக்ஸ் அவளை விடவில்லை. தொலைக்காட்சி கேட்டிராவிட்டால் அந்தப் பார்பரா இல்லை.

தொலைக்காட்சிக்கு முன்பு வானொலியும் இதையே செய்தது. சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல், 1943இல் வானொலித் தொடரில்தான் முதலில் கேட்டது. காமிக்ஸ் அதைப் பிறகே எடுத்துக்கொண்டது. நாயகனின் பெயர்பெற்ற பலவீனத்தையே கடன் வாங்கியவர்கள் காமிக்ஸ்காரர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாமல் கடன் கணக்கு எழுத வந்துவிட்டார் நம் விமர்சகர்.

பேட்மேன் தொடரின் அந்த மூன்றாம் பருவத்தில் இன்னொருவரும் இருந்தார். கேட்வுமனாக ஈர்த்தா கிட். 1967இல், அமெரிக்காவின் வீடுகளில் இரவு உணவு நேரத்தில், ஒரு கறுப்பினப் பெண் பூனைபோல உறுமிக்கொண்டு பேட்மேனை ஆட்டிவைத்தார். 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்தில், அதிபரின் மனைவி முன்னாலேயே வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசியதற்காக அவருடைய அமெரிக்க வாய்ப்புகள் பல ஆண்டுகள் பறிபோயின. கிட் நடித்த தொடரைக் கோமாளித்தனம் என்ற ஒரு சொல்லில் முடிக்கிற கட்டுரையில் அவர் பெயரே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

மிஸ்டர் ஃபிரீஸின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். விமர்சகரின் வாதம் முழுவதையும் அந்த ஒரு பாத்திரமே உடைத்துவிடும். 1959இல் காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த உப்புச்சப்பற்ற வில்லன் அவன். 1966இல் தொலைக்காட்சி அவனுக்கு மிஸ்டர் ஃபிரீஸ் என்று பெயர் வைத்தது. காமிக்ஸும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பெயர் கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. அதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் புரூஸ் டிம்மும் எரிக் ராடம்ஸ்கியும் உருவாக்கிய பேட்மேன் அனிமேஷன் தொடர், குழந்தைகளுக்கான நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பின்னணிகளை வெள்ளைத் தாளில் அல்ல, கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்தை எடுத்தார்கள்.

அதில் ஹார்ட் ஆஃப் ஐஸ் என்றொரு அத்தியாயம். எழுதியவர் பால் டினி. நோயுற்ற மனைவி நோராவை உறைநிலையில் வைத்து மருந்து தேடும் விஞ்ஞானி. செலவைக் காரணம் காட்டி அந்த ஆய்வை நிறுத்த வரும் முதலாளி. அந்தக் கைகலப்பில் பனிக்குள் வாழச் சபிக்கப்படும் உடல். மைக்கேல் அன்சாராவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அழுது தீர்த்து, அழக்கூட எதுவும் மிச்சமில்லாதவனின் குரல் அது. கடைசிக் காட்சியில், சிறைக்குள்ளே, சிறிய கண்ணாடி உருண்டைக்குள் நடனமாடும் பொம்மையைப் பார்த்தபடி மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். மொத்தமே 22 நிமிடங்கள். டினிக்கு எம்மி விருது கிடைத்தது. காமிக்ஸ் அந்த மனைவியை, அந்தத் துயரத்தைத் தன் கதையாகவே ஏற்றுக்கொண்டது.

ஐந்து ஆண்டு கழித்து, 1997இல், சினிமா அதே நோராவை எடுத்தது. பேட்மேன் அண்ட் ராபின். சுமார் 12.5 கோடி டாலர் செலவு, ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், மின்னும் கவசம். பனியை வைத்துச் சொல்லக்கூடிய சிலேடைகளையெல்லாம் அந்தப் பாத்திரத்தின் வாயில் திணித்தார்கள். துயரம் செத்தது. படமும் விழுந்தது, பேட்மேன் திரையரங்குக்குத் திரும்ப எட்டு ஆண்டுகள் ஆயின. பணம்தான் மானத்தைக் காத்தது என்று சொல்பவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கட்டும்.

அந்த அனிமேஷன் தொடரில்தான் ஹார்லி குவின் பிறந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோக்கரின் ஒரே ஒரு கதைக்காக எழுதிய துணைப் பாத்திரம். இன்று அவள் இல்லாமல் காமிக்ஸ் கடை இல்லை. விமர்சகர் புகழும் சினிமாக்களில் மார்கோ ராபி நடித்ததும் அவளைத்தான்.

இனி ஹல்க். பச்சைச் சாயம் பூசிய பயில்வான் என்ற அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

காமிக்ஸில் புரூஸ் பேனர், காமா குண்டுச் சோதனையின்போது ஒரு பையனைக் காப்பாற்றப்போய்க் கதிர்வீச்சில் சிக்கியவர். 1977இல் தொலைக்காட்சிக்கு எழுதிய கென்னத் ஜான்சன் அந்தக் குண்டைத் தூக்கிப்போட்டார். அவர் மனத்தில் அப்போது இருந்தது விக்டர் ஹியூகோவின் லே மிசரபிள். துரத்தப்படும் ஒரு நல்லவன், விடாமல் துரத்தும் ஒருவன். அவருடைய டேவிட் பேனர், கார் விபத்தில் மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போன கணவன். வேறு சிலருக்கு ஆபத்து வேளையில் வந்த அசுர பலம் எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு ஆய்வுக்கூடத்துக்குள் போகிறவன். ஹல்க் பிறப்பது விஞ்ஞானத்தின் விபத்தில் அல்ல, ஒரு கணவனின் குற்றவுணர்ச்சியில். இதைக் காமிக்ஸ்கூட அதற்கு முன் யோசிக்கவில்லை.

பில் பிக்ஸ்பி அந்தப் பாத்திரத்தை நடித்ததை விமர்சகர் ஒரு அத்தியாயமாவது பார்த்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. ஊர் ஊராக, வேலை வேலையாக, வேறு வேறு பெயரில் அலைகிற மனிதன். வில்லன்களுக்கு விசித்திர உடைகள் இல்லை. அடிக்கும் கணவர்கள், ஏமாற்றும் முதலாளிகள், குடித்தே அழியும் மனிதர்கள். கோபம் வரும் தருணத்தில் பிக்ஸ்பியின் முகத்தில் தெரிவது வெறி அல்ல, பயம். ஐயோ மறுபடியுமா என்ற பயம். அதன் பிறகு வருகிறார் ஃபெரிக்னோ. சிறு வயதிலேயே செவித்திறனின் பெரும்பகுதியை இழந்தவர். வசனமே இல்லாத அந்தப் பாத்திரத்தில், உடைத்து முடித்த பின் தன் கைகளையே புரியாமல் பார்ப்பார். கணினி வரைந்த எந்த ஹல்கும் அந்தப் பார்வைக்கு அருகில்கூட வரவில்லை.

1978இல் இரண்டாம் பருவத்தைத் தொடங்கிய மேரீட் என்ற இரட்டை அத்தியாயத்தில், குணமாகாத நோயோடு பேனரை மணக்கும் மருத்துவராக மாரியட் ஹார்ட்லி நடித்தார். அடுத்த ஆண்டு, சிறந்த நாடகத் தொடர் நடிகைக்கான எம்மி அவருக்குக் கிடைத்தது. பச்சைச் சாயத் தொடரில் நடித்ததற்காகத்தான் கிடைத்தது. 2008இல் ஹல்க் படத்தை எடுத்தபோது, ஜோ ஹார்னெல் அந்தத் தொடருக்கு அமைத்த தனிமைப் பியானோ இசையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஹல்குக்குக் குரல் கொடுக்க ஃபெரிக்னோவையே அழைத்தார்கள். விமர்சகர் கொண்டாடும் அந்தச் சினிமாவே தான் எங்கிருந்து வந்தோம் என்பதை மறக்கவில்லை.

மோசமான தொடர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1977இல் நிக்கலஸ் ஹம்மண்ட் நடித்த ஸ்பைடர்மேன் சோர்வானது. கயிற்றில் ஏறும் காட்சிகள் மட்டுமல்ல, கதைகளும் சோர்ந்து கிடந்தன. ஆனால் அடுத்த ஆண்டே ஜப்பானின் டோயே நிறுவனம் அதே ஸ்பைடர்மேனுக்கு ஒரு ராட்சத ரோபோவைக் கொடுத்து 41 அத்தியாயங்கள் எடுத்தது. அந்த ரோபோ யோசனை அவர்களுடைய சூப்பர் சென்டாய் தொடர்களுக்குப் போய், அங்கிருந்து பவர் ரேஞ்சர்ஸாக உலகைச் சுற்றியது. தோற்ற தொடர் பணமில்லாததால் தோற்கவில்லை. யோசிக்காததால் தோற்றது.

பணம் நிறைய இருந்தும் என்ன ஆயிற்று? 2017இல் இன்ஹியூமன்ஸ் தொடரின் தொடக்கத்தை ஐமேக்ஸ் கேமராவில் எடுத்து, ஐமேக்ஸ் அரங்குகளில் திரையிட்டார்கள். எட்டு அத்தியாயங்களோடு மூடிவிட்டார்கள். 2019இன் வாட்ச்மென் 11 எம்மி விருதுகளை வென்றதற்குக் காரணம் செலவு என்று விமர்சகர் எழுதியிருக்கிறார். 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின மக்களின் குடியிருப்பை எரித்து அவர்களைக் கொன்றதிலிருந்து அந்தத் தொடர் தொடங்குகிறது. முகமூடி அணிந்த முதல் நாயகன் ஒரு கறுப்பினக் காவலர் என்று மாற்றி எழுதியது. அந்த யோசனைக்கு எந்த வரைகலைக் கூடமும் பில் போட முடியாது.

பேட்மேன் அனிமேஷன் தொடரில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராயைப் பற்றியும் விமர்சகர் ஒரு வரி எழுதவில்லை. குரல் தேர்வுக்குப் போன நாளில் கான்ராய்க்குப் பேட்மேன் என்றால் ஆடம் வெஸ்ட் மட்டும்தான் தெரியும். பேட்மேன் அப்படிப்பட்டவன் அல்ல, பெற்றோர் கொலையைக் கண்ணால் கண்டவன், முகமூடிக்குப் பின்னால் வாழ்பவன் என்று அவருக்கு விளக்கினார்கள். தன்பாலின ஈர்ப்பை மறைத்துத் தொழில் செய்ய வேண்டியிருந்த நடிகர் அவர். எய்ட்ஸால் நண்பர்களை ஒவ்வொருவராகப் புதைத்திருந்தவர். மறைந்து வாழ்வது எப்படி என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல். முப்பது ஆண்டுகள் அதைச் சுமந்தார். 2022இல் அந்தக் கதையைத் தானே எழுதினார், நவம்பரில் இறந்துபோனார். மறு ஆண்டு சிறந்த சிறுகதைக்கான ஐஸ்னர் விருது அதற்குக் கிடைத்தது. அச்சானது ஒரு காமிக்ஸ் இதழில்.