பழக்கிய நாயும் பழகாத மனிதரும்

அண்மையில் கல்முனையில் ஒரு திருமண வீட்டுக்குச் சென்றிருந்தேன். அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் தமது கைப்பேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். ஜோர்ஜியா மாநிலத்துப் பைன் காடு. பொயின்டர் நாய் ஒன்று மோப்பம் பிடித்து, ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறது. வழிகாட்டி சைகை செய்கிறார். புல்லிலிருந்து காடைகள் சிதறிப் பறக்கின்றன. பணம் கட்டி வந்தவர் சுடுகிறார்.

"இதை நாம் இங்கே செய்தால் என்ன காக்கா? அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் முடிந்ததும் வெள்ளைக்காரன் போய்விடுகிறான். மாரியில் அவனை நம் வட்டைக்குக் கூட்டிவரலாமே" என்றார்.

உடனே எதிர்ப்புக் கிளம்பியது. "நாயா? நம் ஊரில் நாய் வளர்ப்பதா?" என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். பேச்சு அத்துடன் முடிந்தது. சாகப்போகும் காடைக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மௌனமே.

நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவவேண்டும் என்ற ஷாஃபி மத்ஹபின் சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சட்ட நூல்களில் வேட்டைக்கென்று தனிப் பாடமும் உண்டு. பழக்கிய பிராணிகள் பிடித்துத் தருவது ஆகுமானது என்று அல்-மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் சொல்கிறது. ஏவினால் பாயவேண்டும், தடுத்தால் நிற்கவேண்டும், பிடித்ததைத் தான் தின்னாமல் எசமானுக்காக வைத்திருக்கவேண்டும் என்பவை அந்தப் பழக்கத்துக்கு உலமாக்கள் வகுத்த நிபந்தனைகள். நாய் அதில் தின்றுவிட்டால் நீங்கள் உண்ணாதீர்கள் என்று நபியவர்கள் (ஸல்) அதீ இப்னு ஹாத்திமுக்கு விளக்கிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஆக, மார்க்கம் நாயிடம் கேட்பது சுயகட்டுப்பாடு.

அந்த அளவுகோலை இப்போது நம் பக்கம் திருப்புவோம். வட்டை ஓரங்களில் நூல்வலை கட்டியிருப்பதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். வலைக்கு ஏவலும் தெரியாது, தடையும் தெரியாது. குஞ்சு, தாய், உண்ணும் பறவை, உண்ணாத பறவை எல்லாம் அதில் ஒன்றுதான். எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் வலசை வரும் காடைகளுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளத்துக்கு வலை விரிக்கப்படுவதாக 2013இல் செய்திகள் வந்தன. இஸ்ராயீலின் சந்ததியருக்கு அருளப்பட்ட ஸல்வா, காடையே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அந்த அருளைச் சொல்லும் தாஹா அத்தியாயம், அடுத்த வசனத்திலேயே அதில் வரம்பு மீறாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. வரம்பு மீறலுக்கு வலையைவிடத் தெளிவான உதாரணம் உண்டா?

உறவினரின் திட்டத்துக்கும் என்னிடம் மறுப்பு உண்டு. முதலாவது சட்டம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1993இலும் 2009இலும் திருத்தப்பட்டது. இன்று இலங்கையில் ஒரு சிறு பட்டியலில் அடங்குபவை தவிர மற்றெல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. இரண்டாவது, பறவையின் நிலை. வயலோரப் புல்லில் நாம் காடை என்று அழைப்பவற்றுள் ஒன்று, மூன்றே விரல் கொண்ட கருங்காடை. இனத்தால் அது உண்மைக் காடையே அல்ல. அதில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண் பறவை. ஓர் ஆணைச் சுட்டால் ஒரு கூடே அநாதையாகும். அமெரிக்காவிலேயே 'பொப்வைட்' காடை 1960களிலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கூண்டில் வளர்த்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடவைக்கும் வேட்டைத் தோட்டங்கள் அங்கே பல. காணொளி அதைக் காட்டாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. உணவுக்கான வேட்டை வேறு, பொழுதுபோக்குக்கான கொலை வேறு. உயிருள்ளதை இலக்காக்கி விளையாடுவதை நபியவர்கள் (ஸல்) தடுத்தார்கள். வேட்டை நாய்களோடு 1840களில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் விளையாட்டை, சுற்றுலா என்ற பெயரில் நாம் ஏன் மீண்டும் அழைத்துவரவேண்டும்? காடை இறைச்சிதான் வேண்டுமென்றால் பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை இருக்கிறது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் அது முழு வளர்ச்சி அடைந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஜும்ஆ மேடைகளில் நாயின் எச்சிலைப் பேசும் மௌலவிமார், வேட்டையின் வரம்பையும் ஒரு வெள்ளிக்கிழமை பேசவேண்டும். வட்டைவிதானைமாரும் விவசாய அமைப்புகளும் தங்கள் வயல்களில் வலை கட்டுவதைத் தடுக்கவேண்டும். உறவினருக்கு ஒரு சொல்: மாரியில் விருந்தினரைத் தாராளமாக வட்டைக்கு அழைத்து வாருங்கள். நாயும் வரட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, தொலைநோக்கியைக் கொண்டு வாருங்கள்.