ஸ்டெப்னி எடுக்க மனுஷன் ஏன் ரோட்டில் படுக்கணும்?

பிக்கப் வண்டியின் ஸ்டெப்னியைப் பற்றிப் பேச ஒரு பேங்க்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். பிக்கப்புக்குக் கடன் கொடுப்பது என் வேலையில் பாதி. அதோடு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் ஆர்டரை வாங்கிக்கொண்டு, கிரைண்டரையும் பீரோவையும் அதே பிக்கப்பில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவனும்தான். உங்களில் பாதிப் பேர் கதை இதுதானே. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2023 மே மாதம், நாசிக்கிலிருந்து தாணேக்கு ஜாகை மாற்றம். சாமான் ஏற்றிய பிக்கப் முன்னால், நாங்கள் காரில் பின்னால். இகத்புரி தாண்டி கசாரா காட் இறங்கும்போது பிக்கப்பின் வலது பின்சக்கரம் பஞ்சர். டிரைவர் ஓரம் கட்டினார். ஸ்டெப்னி எங்கே? வண்டிக்கு அடியில், பின் பம்பருக்குக் கீழே, சங்கிலியில் தொங்குகிறது. பெரும்பாலான பிக்கப்பில் அங்கேதான். பின்னாலிருந்து ஒரு நீளக் கம்பியை ஓட்டையில் விட்டுச் சுற்றினால் சங்கிலி இறங்கும், சக்கரம் தரைக்கு வரும், இழுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டறையில் பாடி கட்டியவன் வைத்த இரும்புச் சட்டம் அந்த ஓட்டையைப் பாதி மறைத்திருந்தது. கம்பி கோணலாகத்தான் போனது. சங்கிலியில் ரெண்டு மழைக்காலத்துச் சேறும் துருவும். காற்றுப் போன பக்கம் வண்டி உட்கார்ந்துவிட்டதால் சக்கரத்தை வெளியே இழுக்கவும் இடமில்லை. ஆக, முதலில் ஜாக்கி. பிறகு, ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கடியில், மேலே எங்கள் குடித்தனம் மொத்தமும் இருக்க, அந்த மனுஷன் மல்லாந்து படுத்தார். கால் ரெண்டும் ரோட்டில். ஓரடி தள்ளி டிரெய்லர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் கையில் சிவப்புத் துண்டோடு நின்று ஆட்டினேன், வேறென்ன செய்ய?

என் மனைவி சமையல் சாமான் பெட்டியிலிருந்து நல்லெண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். சங்கிலியில் ஊற்றி ஆட்டினார். பட்டென்று விட்டது. இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாத சக்கரம் அவர் கை மேல் விழுந்து ரெண்டு விரல் நசுங்கியது. "ஒண்ணும் இல்ல சாஹேப்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். ஐந்து வாரம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை என்று பிறகு போனில் தெரிந்தது. ரெண்டு தவணை நின்றுபோனது. கடன் எங்கள் பேங்க்கில் இல்லை. இருந்திருந்தால் நானே நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்.

இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே வருகிற பதில்: "மேலே வைத்தால் சரக்குக்கு இடம் போகுமே!" சரி, நான் பி.காம். கணக்குப் போடுவோம். ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலப் பாடி என்றால் சுமார் ஐம்பது சதுர அடி. 215/75 ஆர் 15 டயர் விட்டம் 28 அங்குலம், தடிமன் ஒன்பது அங்குலத்துக்குள். கேபினுக்குப் பின்னால், இடது மூலையில் செங்குத்தாக நிறுத்தினால் ரெண்டு சதுர அடிகூடப் போகாது. நூற்றுக்கு நாலு. படுக்க வைத்தால்தான் இடம் போகும். அதன் மேல் மூட்டையை அடுக்கிவிட்டால் எடுக்கவும் முடியாது. அந்த முட்டாள்தனத்தை நான் சொல்லவில்லை.

இடது பக்கம் ஏன்? நம் நாட்டில் வண்டி நிற்பது இடது ஓரம். போக்குவரத்து வலது பக்கம். எந்தச் சக்கரம் பஞ்சராகும் என்பது நம் கையில் இல்லை, ஸ்டெப்னியை எந்தப் பக்கம் வைப்பது என்பது இருக்கிறது. இடது மூலையில் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தால், இடுப்பு உயரத்திலிருந்து நின்றபடியே இறக்கலாம். சிலர் கேபின் கூரை மேல் கட்டுகிறார்கள். தனி ஆள் அதைத் தலைக்கு மேலிருந்து இறக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

பாரம் கீழே இருந்தால் வண்டி நிலையாக நிற்குமாம். ஒண்ணரை டன் வெங்காயத்தை மேலே ஏற்றிவிட்டு இருபத்தைந்து கிலோவைக் கீழே வைத்து நிலைப்படுத்துகிறார்களாக்கும்! திருட்டுப் பயமா? ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. முடிந்தது.

ஸ்டெப்னி என்ற பேரே எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெரு. 1904-இல் அங்கே கண்டுபிடித்தது இது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், காற்றடித்த டயர் போட்ட ஒரு வளையத்தை அதன் மேலேயே கவ்வ வைத்து ஓட்டிப் போய்விடலாம். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் மாட்டிக்கொண்டவனின் அவஸ்தையை யாரோ ஒருத்தன் யோசித்திருக்கிறான். பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளைக் கொண்டுபோய் வண்டி அடியில் ஒளித்துவைத்துவிட்டோம்.

கம்பெனியையும் பட்டறையையும் மட்டும் திட்டி என்ன பயன்? எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் படிவத்தில் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஷூரன்ஸ், பேங்க் பேர் எழுதியிருக்கிறதா என்பது வரை இருக்கிறது. எல்லாம் எங்கள் பணத்தைப் பற்றிய கேள்வி. ஸ்டெப்னி கையில் வருமா என்று ஒரு வரி கிடையாது. பாடிக்கும் சேர்த்துத்தான் கடன் தருகிறோம். அந்த ஓட்டையை மறைத்த சட்டத்துக்கும் ஏதோ ஒரு பேங்க்தான் பணம் கொடுத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை கொட்டேஷனில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

இப்போது பாடி கட்டி முடித்துக் கொண்டுவரும் வண்டியில், "ஸ்டெப்னியை எடுத்துக் காட்டுங்க" என்கிறேன். சிரிக்கிறார்கள். போன மாதம் ஒருத்தர் புத்தம்புது வண்டியில் இருபது நிமிஷம் போராடினார். சட்டையெல்லாம் கிரீஸ். பாடிக்கான பணத்தை நிறுத்தி வைத்தேன். பட்டறைக்காரர் மேனேஜரிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.