நோய் தீர்ந்தவனுக்கு வேலை எங்கே?



நோய் வந்தால் மருத்துவமனை உண்டு. உயிர் போனால் ஊர்க்காரர்கள் உண்டு, சங்கம் உண்டு, மாலை உண்டு. நோய் தீர்ந்து எழுந்து நிற்பவனுக்கு என்ன உண்டு? இந்தக் கேள்வியை மும்பைத் தமிழர்களிடையே உரக்கக் கேட்பார் இல்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

பாண்டுப் குன்றுச் சரிவுகளில் குடியிருக்கும் நம் மக்கள் செய்யும் வேலைகள் எவை? குப்பை அள்ளுவது, கட்டட வேலை, மூட்டை தூக்குவது, காவல் வேலை, பெண்களுக்கு வீட்டு வேலை. பாண்டுப்பிலிருந்து முலுண்டு வரை லால் பகதூர் சாஸ்திரி சாலையில் வரிசையாக நின்ற ஆலைகளில் பல மூடப்பட்டு, அந்த மண்ணில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆலை இருந்த காலத்தில் நிரந்தரத் தொழிலாளி என்று ஒருவன் இருந்தான். இன்று அவன் மகன் காண்ட்ராக்டரின் ஆள்!

அந்த மகனுக்குக் காசநோய் வருகிறது. அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக 2018இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆறு மாதம் மருந்து தின்று, சளிப் பரிசோதனையில் தேறி, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையிடத்துக்குப் போகிறான். 'உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்' என்கிறார் மேஸ்திரி. டாக்டர் நோயைத் தீர்த்தார். காண்ட்ராக்டர் பிழைப்பைத் தீர்த்தார்!

இதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அதை நாம் தினமும் கண்ணால் பார்க்கிறோம்.

நாம் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள். இங்கே வண்டி ஓட்டுபவரின் கண்பார்வை குறைந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. ஏ-1 முதல் சி-2 வரை மருத்துவ வகைகள் இருக்கின்றன. மேல் வகையில் தேறாதவர் கீழ் வகையில் தேறினால் அதற்கேற்ற மாற்று வேலை தர வேண்டும். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. தகுந்த இடம் காலியில்லை என்றால், கிடைக்கும் வரையில் கூடுதலாக ஓர் இடத்தை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது எந்த அதிகாரியும் போட்ட பிச்சை அல்ல. பணியில் இருக்கும்போது உடல் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 1995ஆம் ஆண்டின் சட்டம் 47ஆம் பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 20ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. 2003இல் குணால் சிங் என்ற காவலரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. பணியில் அடிபட்டு ஒரு காலை இழந்தவர் அவர். 'ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே' என்றது நிர்வாகம். அந்தப் பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையைக் கொடு என்றது!

ஆனால் தோழர்களே, இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவன ஊழியருக்கு மட்டுமே. அதுவும் ஊனம் என்று சட்டம் ஒப்புக்கொண்டால்தான். அதே பிளாட்பாரத்தில் காண்ட்ராக்டரிடம் கூலி வாங்கித் துடைப்பம் பிடிக்கும் தொழிலாளிக்கு அது இல்லை. ஒரே பிளாட்பாரம், ஒரே தூசி, ஒரே இருமல். ஒருவனுக்கு மாற்று வேலை, மற்றவனுக்கு நடுத்தெரு! இதுதான் நீதியா?

தனியார் முதலாளியின் விவகாரத்தில் சட்டம் தலையிட்டதே இல்லையா? தலையிட்டிருக்கிறது, முதலில் அவர் பக்கம் நின்று! தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதாவது, ஆட்குறைப்புக்கான நஷ்டஈடுகூடக் கிடையாது.

இந்த அநீதியை எதிர்த்து மும்பையிலேயே ஒரு கேஷுவல் தொழிலாளி போராடினார். ஒரு பொதுத்துறை நிறுவனம், இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டு அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையைச் செய்யும் உடல் தகுதி இருந்து, பிறருக்கு ஆபத்தும் இல்லாதபோது, நோயைக் காட்டி வேலையை மறுக்கக் கூடாது! பின்னர் 2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டத்தை நிறைவேற்றியது. அது தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு நோய்க்கு முடிந்தது காசநோய்க்கு ஏன் முடியாது? இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் ஏன் முடியாது?

'நோயாளியை வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்' என்பார்கள். முறையாக மருந்து உட்கொள்ளும் காசநோயாளிகளில் பெரும்பாலோரிடமிருந்து சில வாரங்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடுகிறது. வேலை போய்விடும் என்ற அச்சத்தால் இருமலை மறைத்து, பரிசோதனைக்கே போகாமல் வேலைக்கு வருபவனிடமிருந்துதான் நோய் பரவுகிறது. வேலைக்கு உத்தரவாதம் கொடுங்கள், நோய் தானே வெளியே வரும்! 'எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்பார்கள். நெதர்லாந்தில் நோயுற்ற தொழிலாளிக்கு இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் பெரும்பகுதியை முதலாளியே கொடுத்து, வேலைக்குத் திரும்பவும் வழி செய்ய வேண்டும். அங்கே முதலாளிகள் யாரும் பிச்சை எடுக்கப் போய்விடவில்லை.

இருக்கிற உரிமையையாவது நாம் பயன்படுத்துகிறோமா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பணம் உண்டு. காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. ஆனால் அந்த நீட்டிப்புக்குத் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு வேலையும், 156 நாள் சந்தாவும் கணக்கில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது நம்பர் போட்டால் அந்தக் கணக்கு எப்படித் தேறும்? பிடித்த பணத்தைக் கட்டவே இல்லையென்றால் யாரைக் கேட்பது?

இந்த இடத்தில்தான் சங்கம் வேண்டும். ஆனால் சில சங்கங்கள் செய்வது என்ன? நோயாளிக்குத் துண்டேந்தி வசூல் செய்து, திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்து, 'ஊரில் போய் உடம்பைத் தேற்று' என்று வண்டியேற்றி விடுகிறார்கள். நல்ல மனம்தான், மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? காண்ட்ராக்டர் வாயால் சொன்ன டிஸ்மிஸை நம் செலவில் நாமே முடித்து வைக்கிறோம். வண்டி ஏறியவனின் மருந்து பாதியில் நிற்கும் ஆபத்து வேறு. பாதியில் நின்ற காசநோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரும். ஊரில் வேலை இருந்திருந்தால் அவன் ஏன் தாதரில் வந்து இறங்கினான்?

எனவே நமது கோரிக்கைகள் இவை:

1. நோயுற்ற தொழிலாளியின் இடம் சிகிச்சை முடியும் வரை அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். மாநகராட்சியும் ரயில்வேயும் தரும் ஒவ்வொரு காண்ட்ராக்டிலும் இது நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

2. பழைய வேலை முடியாதவருக்கு இலகுவான வேலை. கூலி குறையக் கூடாது.

3. காண்ட்ராக்டர் மாறினாலும் ஈ.எஸ்.ஐ. நம்பர் மாறக் கூடாது. சந்தா கட்டிய விவரம் மாதந்தோறும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும்.

4. எச்.ஐ.வி.க்கு வந்த சட்டப் பாதுகாப்பு எல்லா நோய்களுக்கும் வர வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கலாமா? கூடாது. நோயுற்றவர் முதல் நாளே மருத்துவச் சீட்டின் நகலோடு லீவுக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். தேறியதும் தகுதிச் சீட்டோடு அவர் தனியாகப் போகக் கூடாது. அவரோடு சங்கத்திலிருந்து ஐந்து பேர் போக வேண்டும். ஒருவனைத் துரத்துவது மேஸ்திரிக்குச் சுலபம். ஆறு பேரிடம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

துண்டேந்தும் கைகள் இனிக் கடிதம் எழுதட்டும். டிக்கெட் எடுக்கும் பணம் இனி ஆறு மாத அரிசியாகட்டும். நம் ஆள் நோய் தீர்ந்து இங்கேயே, இந்தப் பாண்டுப்பிலேயே, வேலைக்குப் போகட்டும்!